மூக்கம்மாள் வளைவில் ராமலட்சுமி

வண்டிப்பெரியார் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், ராமலட்சுமி எங்கே பிறந்தவள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஊர் பெயரையோ ஆஸ்பத்திரி பெயரையோ சொல்ல மாட்டார்கள். "மூக்கம்மா வளைவுல" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. அவளுடைய அம்மா மூக்கம்மாள் கொக்கன்பாறை மேல் லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்தவள். லயம் என்றால் எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். நிறைமாதத்தில் வலி கண்டதும் அவளை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டு போனார்கள். பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கைதேர்ந்தவன் ஒரே திருப்பில் திருப்புவான், மற்றவன் ஒரு ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அன்றைக்கு ஓட்டியவருக்கு வண்டியில் எழுந்த அலறலில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிவர்ஸ் போட்டார். வண்டி பின்னால் போனது, பிள்ளை முன்னால் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அது மூக்கம்மாள் வளைவு. சுற்றுலா வருகிறவர்கள் அதை ஏதோ காட்டுத் தெய்வத்தின் பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ராமலட்சுமி திருத்த மாட்டாள். மற்ற ஓட்டுநர்கள் மட்டும் அவளை "ரிவர்ஸ்ல பொறந்தவ" என்று கேலி பேசுவார்கள். அதற்கும் அவள் கோபப்பட்டதில்லை. கோபத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்று தெரிந்தவள் அவள்.

வயது வந்ததும் அவளும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கத்தான் போனாள். ஆனால் கண்ணெல்லாம் கொழுந்து ஏற்றிப் போகும் வண்டியின் மேல். குமுளியில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள். கணவன் பூபதிராஜாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பேச்சு குறைவு, சமையல் பிரமாதம். அவன் பாங்கியில் கடனுக்குக் கையெழுத்துப் போட, பழைய ஜீப் ஒன்று வாசலுக்கு வந்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஹேண்ட் பிரேக் உண்டா என்று கேட்டால் உண்டு, பிடிக்குமா என்று கேட்டால் வேறு பேச்சுப் பேச வேண்டும்.

முதல் சில மாதங்கள் ஸ்டாண்டில் அவள் முறை வரும்போதெல்லாம் பயணிகள் அவளைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார்கள். "டிரைவர் எங்கே?" என்று கேட்பார்கள். "வருவாக, ஏறுங்க" என்பாள். எல்லோரும் ஏறி, கதவை அடைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்ட பிறகு, நிதானமாகத் தானே போய் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். அதற்கு மேல் யார் இறங்குவது? மேலே போய்ச் சேர்ந்ததும் அவர்களே அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். மேல் லயத்துக் காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் இப்போது ராமலட்சுமி வண்டிக்குத்தான் போன் போடுகிறார்கள். இந்தப் பதினாலு வருஷத்தில் அவள் வண்டியில் யாரும் பாதி வழியில் பிறந்ததில்லை. நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவாள்.

இந்தச் சித்திரையில் அம்மன் வண்டி முறை அவளுக்கு வந்தது.

மேல் லயத்து மாரியம்மனைத் திருவிழா அன்று தோளில் சுமந்து, குறுக்கு வழியாகப் பெரியாற்றுக்கு இறக்குவார்கள். நீராட்டி அலங்கரித்த பிறகு ஜீப்பில் ஏற்றி மலைப்பாதை வழியே கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். ஸ்டாண்டில் வருஷத்துக்கு ஒரு வண்டி என்று முறை. அதற்கு ஒரே ஒரு சட்டம்: அம்மன் ஏறிய வண்டி பின்னால் போகக் கூடாது. ஏற்றத்தில் நிறுத்திக் கொள்ளலாம், பின்டயருக்குக் கட்டை கொடுக்கலாம், ரிவர்ஸ் மட்டும் ஆகாது. போனால், லயத்துக்கு வர வேண்டிய நல்லதெல்லாம் அந்த வருஷம் வாசல் வரை வந்து திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. பின்னால் போகாமல் கொண்டு வந்து சேர்க்கிற ஓட்டுநருக்குக் கோயில் வாசலில் மஞ்சள் துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்தாலும் சந்தனத்தோடு சரி. பரிவட்டம் ஓட்டுநருக்குத்தான்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் குருசாமி நல்ல மனுஷர். வழக்கம் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். முறை கேட்டு வந்த ராமலட்சுமியை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏத்தா, முறை உன்னுது. ஓட்டு. யாரும் தடுக்கல. பரிவட்டத்த மட்டும் பூபதிராஜா தலையில கட்டிருவோம். பொம்பளத் தலைக்குக் கட்டி வழக்கமில்ல, பாத்துக்க."

"வண்டி ஓட்டுறது நானா, அவுகளா மாமா?"

"யாரு தலையில கட்டுனா என்னத்தா? மரியாத குடும்பத்துக்குத்தான?"

"மொதல்ல அம்மன மேல கொண்டாந்து சேக்குறேன். அப்புறம் பேசுவோம்."

"ரிவர்ஸ் எடுக்காமச் சேத்தியன்னா பேசுவோம்" என்றார் குருசாமி.

ராமலட்சுமிக்கு அந்தப் பரிவட்டம் வேண்டும். இதில் ஒளிவு மறைவு என்ன? புடவை வேண்டும், நகை வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அந்த மஞ்சள் துணி அவளுக்கு வேண்டும், அதுவும் தன் தலையில் வேண்டும். புருஷன் தலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டிவைப்பதற்கு அவள் வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. போன மழைக்காலத்தில் அவள் வண்டிக்கு அகல டயர் மாட்டியிருந்தாள். சேற்றில் நன்றாகப் பிடிக்கும், பார்க்கவும் கம்பீரம், சுற்றுலாக்காரர்களுக்கும் பிடிக்கும். பழைய ஒல்லி டயர்களை மறையூர் கரும்புக்காரர் ஒருவர் தன் டிரெய்லருக்கு வாங்கிப் போய்விட்டார். அகல டயரில் ஒரு குறை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் போய் உரசும். அதனால் அந்த அளவுக்குத் திரும்பாதபடி போல்ட்டை முடுக்கி வைத்திருந்தது. விளைவு, மூக்கம்மாள் வளைவில் போக ஒரு ரிவர்ஸ், வர ஒரு ரிவர்ஸ். ஸ்டாண்டில் இப்போது முக்கால்வாசி வண்டிகளுக்கும் இதே கதைதான். மற்ற நாளில் இதை யார் பார்க்கிறார்கள்? அம்மன் நாளில் லயமே பார்க்கும்.

ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஜிஜோ தாடையைச் சொறிந்துகொண்டு, மலையாளமும் தமிழுமாக வழி சொன்னான்.

"ஸ்பேசர் இடாம் சேச்சி. டயரு புறத்தேக்குத் தள்ளி நிக்கும், பட்டையில உரசாது, ஃபுல்லா ஒடிக்கலாம். பட்சே ஸ்டியரிங் பாரமாகும். கல்லுல தட்டினா திருப்பி அடிக்கும். பின்னே என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, கேட்டோ."

"பதினாலு வருசமா ஓட்டுறேன் ஜிஜோ. அது அடிச்சா நானும் திருப்பி அடிப்பேன்."

"ரோட்டுல செக்கிங்காரங்க கேட்டா என் பேரு பறயண்டா, சொல்லிராதீங்க."

இட்லித் தட்டு அகலத்தில், இரண்டு விரல் கனத்தில் நாலு அலுமினிய வளையங்கள். அச்சு முனையிலுள்ள ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒவ்வொன்றையும் வைத்து முடுக்கி, திருப்பத்தைத் தடுத்த போல்ட்டைத் தளர்த்திவிட்டான் ஜிஜோ. சக்கரங்கள் நாலும் மட்கார்டைத் தாண்டி வெளியே வந்தன. காலை அகட்டி நிற்கிற காளை மாதிரி நின்றது ஜீப். ராமலட்சுமி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, ஆள் ஏற்றாமல், தனியாக வளைவுக்குப் போனாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள், ஒடித்தாள், இன்னும் ஒடித்தாள். எங்கும் உரசவில்லை. ஒரே திருப்பு. வளைவைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, தான் வந்த டயர்த் தடத்தைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். நேராக ஸ்டாண்டுக்கு வந்து, "ரிவர்ஸ்ல பொறந்தவ ரிவர்ஸ் எடுக்காம ஏறப்போறா. வந்து பாருங்கய்யா" என்று அறிவித்துவிட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். காலி வண்டியில் பார்த்ததைப் பாரம் ஏற்றிய வண்டிக்கும் நம்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவு கனம். தார் ரோட்டில் ஒரு குழி வந்தால் போதும், கயிற்றில் கட்டிய மாடு வேலிப் பக்கம் இழுப்பது போல வண்டி ஓரத்துக்கு இழுத்தது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. தைலம் தேய்த்துக்கொண்டாள். என்ன வலி என்று பூபதிராஜா கேட்டதற்கு, விறகு வெட்டினேன் என்றாள். வீட்டில் கேஸ் அடுப்பு. அவன் மேலே கேட்கவில்லை.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, அன்னதான அரிசி மூட்டைகளை மேலே ஏற்றும் வேலை வந்தது. மூட்டைகள் பின்னால், குருசாமி அவளுக்குப் பக்கத்தில். பாத்திரங்களோடு பாண்டீஸ்வரனின் ஜீப் பின்னாலேயே வந்தது. பாண்டீஸ்வரன் ஸ்டாண்டில் நல்ல கை. சில வருஷம் முன்பு அம்மனை ஏற்றிப் பரிவட்டம் கட்டிக்கொண்டவன். அதை வாரத்துக்கு ஒரு முறையாவது மற்றவர்களுக்கு நினைவூட்டாமல் விடமாட்டான். வயதில் இளையவன், பூபதிராஜாவை அண்ணன் என்பவன், அதனால் இவளை மதினி என்பான்.

ஏறும்போது மூக்கம்மாள் வளைவு வலது கைப் பக்கம் திரும்பும். அகலமாக எடுப்பதற்காக இடப்பக்கம், பள்ளத்தின் ஓரமாக ஒதுங்கிப் போனாள். ஓரத்தில் ஒரு கல். இடது முன்சக்கரம் அதில் மோதிய அதே நொடியில் ஸ்டியரிங் அவள் கையைப் பிய்த்துக்கொண்டு இடது பக்கம் சுழன்றது. உள்ளே நீட்டியிருந்த வலது கட்டைவிரலில் ஸ்டியரிங்கின் கம்பி ஓங்கி அடித்தது. வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பிரேக்கை ஏறி மிதித்தாள். நின்றது.

இனி ரிவர்ஸ் எடுக்காமல் எப்படி? எடுத்தாள். குருசாமி துண்டை ஒரு தோளிலிருந்து எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன என்பதை அன்று மாலை வீட்டுக் கதவே அவளுக்குச் சொன்னது. வீங்கிய விரலோடு கதவைத் திறக்கப் போனவள், கீல் பக்கம் கை வைத்துத் தள்ளினாள், அசையவில்லை. ஓரத்தில் ஒற்றை விரலால் தள்ளினாள்; திறந்துகொண்டது. அப்படியே நின்றுவிட்டாள். சக்கரம் திரும்புவதற்கும் ஒரு கீல் உள்ளே இருக்கிறது. டயர் அதை ஒட்டி நின்றவரை கல்லால் அதை அசைக்க முடியவில்லை. ஸ்பேசர் வைத்து டயரை வெளியே தள்ளினோம். இப்போது வழியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் கதவின் ஓரத்தில் நின்று தள்ளுகிறது. காலி வண்டியென்றால் பிடித்துவிடலாம். பாரத்தோடு, ஏற்றத்தில், வெறும் கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒடிக்கிறதற்கு இடம் கிடைத்தது, ஒடித்ததைப் பிடித்து வைக்கிற பலம் போய்விட்டது. ஜிஜோ சொன்னதும் இதைத்தான். காது இருந்தது, கேட்கத்தான் மனசில்லை.

இருட்டும் முன் பாண்டீஸ்வரன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மதினி, இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படி? அன்னைக்கி ஒரு நாளு உங்க வண்டிய நான் ஓட்டித் தாரேன். வண்டியும் உங்களுது, முறையும் உங்களுது. யாரு கேக்கப் போறா?"

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் அவளுக்குச் சுட்டது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் பதில் சுலபம். "யோசிச்சுச் சொல்லுதேன் பாண்டி" என்று அனுப்பிவிட்டு, பூபதிராஜா பிசைந்து கொடுத்த சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டாள். அவன் நெடுநேரம் கழித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"விறகு வெட்டுனா கட்டவிரல் வீங்காது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காலையில் முதல் வேலையாக ஜிஜோவிடம் போனாள். "கழட்டு" என்றாள். அப்பவே சொன்னேனே என்று ஜிஜோ சொல்லவில்லை. அந்தச் சொல்லை விழுங்கத் தெரிந்த மெக்கானிக் கோடியில் ஒருவன். நாலு வளையங்களையும் கழற்றித் துடைத்து அவள் கையில் கொடுத்தான். அகல டயர் இருக்கிறவரை வளைவில் ரிவர்ஸ் நிச்சயம். அவள் ஜீப்புக்குச் சேருகிற ஒல்லி டயர், நல்ல நிலையில், ஸ்டாண்டில் ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. பாண்டீஸ்வரன் அம்மனை ஏற்றிய டயர்கள் அவை. கழுவித் துடைத்து, வீட்டு முன்னறையில் அடுக்கி, பரிவட்டத் துணியை அவற்றின் மேல் போட்டு வைத்திருந்தான்.

ராமலட்சுமி இத்தனை வருஷத்தில் ஸ்டாண்டில் யாரிடமும் ஒரு ஸ்பேனர் கூடக் கடன் கேட்டதில்லை. கேட்டால், பார்த்தியா, பொம்பளையால ஆகல என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பயம் என்று அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். பாண்டீஸ்வரன் வீட்டுக்குப் போய் ரகசியமாகக் கேட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஆளெல்லாம் கூடியிருக்கிற நேரம் பார்த்து ஸ்டாண்டுக்குப் போனாள். வளையங்களை டீக்கடை பெஞ்சில் வைத்தாள்.

"ஸ்பேசர் போட்டது என் தப்பு. கழட்டிட்டேன். பாண்டி, உன் ஒல்லி டயரு நாலும் எனக்கு வேணும். திருவிழா முடிஞ்சதும் தந்துருதேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பாண்டீஸ்வரன் அவள் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தான்.

"அப்ப நான் ஓட்ட வேணாமா?"

"நீ ஓட்டுனா அது உன் ஏத்தம். டயரு உன்னுதா இருந்தாலும் நான் ஓட்டுனாத்தான் என் ஏத்தம்."

பாண்டீஸ்வரனின் மீசைக்கடியில் சிரிப்பு வந்தது.

"அந்த டயருக்கு வழியெல்லாம் தெரியும் மதினி. நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"அப்ப அத மட்டும் தனியா அனுப்பி வையி. நான் வீட்ல படுத்துத் தூங்குறேன்."

ஸ்டாண்டே சிரித்தது. நாலு டயரையும் அவனே கொண்டு வந்து, அவனே மாட்டிக் கொடுத்தான். ஜிஜோ தளர்த்திய போல்ட்டை அப்படியே விட்டாயிற்று. வண்டி பார்வைக்கு மெலிந்துதான் போனது. காளை கன்றுக்குட்டியானது போல இருந்தது. ஸ்டியரிங் மட்டும் பழையபடி அவள் பேச்சைக் கேட்டது.

திருவிழா அன்று மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. பெரியாற்றங்கரையில் பட்டும் வேப்பிலையுமாக அம்மனை வண்டியில் ஏற்றினார்கள். பூசாரி சிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் ஜனம். முன்பு ஏற்றியவன் என்ற முறையில் பாண்டீஸ்வரன் கையில் கட்டையோடு பின்டயருக்குப் பக்கத்திலேயே நடந்தான். நாலு சக்கரமும் இழுக்கிற லோ கியரில் போட்டாள் ராமலட்சுமி. கட்டைவிரல்கள் இரண்டையும் ஸ்டியரிங்குக்கு வெளியே வைத்துக்கொண்டாள். இனி ஆயுசுக்கும் அப்படித்தான்.

வளைவுக்கு வந்தபோது மேளம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. பாறை மேலெல்லாம் ஆள். குருசாமி வளைவின் உள்பக்கம் நின்றிருந்தார்.

இடப்பக்கம் பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கினாள். அதே கல் அங்கேயே இருந்தது. எடுத்துப் போடச் சொல்லியிருக்கலாம், வீம்புக்குச் சொல்லவில்லை. சக்கரம் அதன் மேல் ஏறியது. ஸ்டியரிங் உள்ளங்கையில் ஒரு துடிப்புத் துடித்தது, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள். சக்கரம் கல்லை விட்டு இறங்கியதும் வலது பக்கம் ஒடிக்கத் தொடங்கினாள். முழுசாக ஒடித்தாள். ஈர மண்ணில் பின்டயர் ஒரு சுற்று வெறுமனே சுழன்றது, ஜனம் "ஆத்தா" என்றது, வண்டி நின்றுவிடும் போல முனகியது. ஆக்சிலரேட்டரை அவள் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. டயர் மண்ணைப் பிடித்தது. பாறைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையுமளவு இடம். அந்த இடத்தைக் கடந்து வண்டியின் மூக்கு மேல் பாதையைப் பார்த்து நிமிர்ந்தது. அவள் மூச்சு விட்டாள்.

குலவைச் சத்தம் மலையை நிறைத்தது. பாண்டீஸ்வரன் கட்டையைத் தூக்கி வண்டிக்குள் போட்டான். "எனக்கு வேல இல்ல மதினி!" என்று அவன் கத்தியதில் அவனுக்கே பரிவட்டம் கிடைத்த மாதிரி ஒரு குதூகலம்.

கோயில் வாசலில் அம்மனை இறக்கினார்கள். ராமலட்சுமி பிரேக்கை மிதித்தபடி சீட்டிலேயே இருந்தாள்; அந்த ஹேண்ட் பிரேக்கை நம்பிச் சரிவில் இறங்க முடியாது. குருசாமி தாம்பாளத்திலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். அவளைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், வழக்கம் அவரைப் பிடித்து இழுத்தது. "பூபதிராஜா எங்கப்பா?" என்று கூப்பிட்டார்.

அன்னதானக் கொட்டகையிலிருந்து பூபதிராஜா கரண்டியோடு வந்தான். ஜனம் விலகி வழி விட்டது.

"நான் சாம்பார் கிண்டிக்கிட்டிருந்தேன் மாமா" என்றான். "சாம்பாருக்குத்தான் பரிவட்டம்னா கட்டுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கூட்டம் சிரித்தது. குருசாமி சிரிக்கவில்லை. துணி கையிலேயே இருந்தது. "பொம்பளத் தலைக்கு..." என்று ஆரம்பித்தார்.

மூக்கம்மாள் கூட்டத்துக்கு முன்னால் வந்தாள். கொழுந்துக் கூடையின் பட்டை பதிந்து பதிந்து நெற்றிக்கு மேலே முடி உதிர்ந்த இடம், எண்ணெய் வைத்துச் சீவியும் மறையாமல் தெரிந்தது.

"ஏன் அண்ணே" என்றாள் சாதாரணமாக. "காலம் பூராவும் தலையில துணியக் கட்டிக்கிட்டுத்தான கொழுந்து பறிச்சோம், இங்க இருக்க அம்புட்டுப் பொம்பளையும்? அப்ப ஒருத்தரும் வழக்கம் கேக்கலையே. கூடையச் சுமக்கத் துணி கட்டலாம், அம்மனச் சுமந்தா கட்டக் கூடாதா?"

லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குருசாமியைப் பார்த்தார்கள். அவருடைய மனைவியும் அதில் இருந்தாள்.

குருசாமி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார். "தலையக் குனி ஆத்தா" என்றார். ராமலட்சுமி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வெளியே சாய்ந்து குனிந்தாள். அவர் கட்டினார். அரைகுறையாகக் கட்டவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி, முடிச்சைச் சரிபார்த்து, திருநீறும் இட்டுவிட்டார். "ஒரே திருப்பு" என்றார் மெதுவாக. "நான் உள்பக்கம் நின்னுதான் பாத்தேன். ஒரே திருப்பு."

அவள் அழுதாள். அழவில்லை என்று பிற்பாடு சொன்னாள், நம்ப வேண்டாம்.

சாயங்காலம் கீழே இறங்கும்போது மூக்கம்மாள் முன்சீட்டில் இருந்தாள். மடியில், வண்டிக்குள் கிடந்த அந்த நாலு அலுமினிய வளையங்கள். கீழே மகள் வீட்டில் குடங்கள் உருளாமல் நிற்க அடியில் வைக்கப் போகிறாளாம். இவ்வளவு நல்ல சாமானைப் போய்ச் சக்கரத்தில் மாட்டுவானேன் என்பது அவள் கேள்வி. பின்னால் பாண்டீஸ்வரனும் மற்றவர்களும் நாலைந்து ஜீப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

வளைவு வந்தது. ஒல்லி டயர், காலி வண்டி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பலாம். ராமலட்சுமி பாதித் திருப்பில் நிறுத்தினாள். ரிவர்ஸ் போட்டாள். வண்டி மெதுவாகப் பின்னால் போனது. பின்னால் வந்த ஜீப்பெல்லாம் ஹாரன் அடித்துக் கூச்சல் போட்டன.

"ஏட்டி, அதான் திரும்புதுல்ல? இப்ப எதுக்கு ரிவர்ஸு?"

"அம்மன் எறங்கியாச்சும்மா" என்றாள் ராமலட்சுமி. "இது உனக்கு."

பிறகு தலையில் மஞ்சள் பரிவட்டத்தோடு, சுற்றுலாக்காரர்கள் செய்வது போலவே, அந்த வளைவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பைத்தியக்காரி" என்றாள் மூக்கம்மாள். "ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடி."